ஐஸ் மிஷின் இரைந்த நேரம்

"ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல காது அடைச்சிருக்கு, மேடம்" என்றான் இம்தியாஸ்.

இரண்டு தாள்களையும் மேஜை மேல் அருகருகே வைத்தான். ஒன்று புத்தூரிலிருந்து வந்தது. எழுதியவர் ரேடியோவில் துளு நிகழ்ச்சி நடத்தி ஓய்வு பெற்றவர். இன்னொன்று கார்க்களா டீச்சர் ஒருத்தி எழுதியது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. கேஸ் என்னவென்றும் தெரியாது. அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டு, காதில் விழுந்ததை மட்டும் எழுத வேண்டும். விழாத இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். அவர்களுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

கிளாடிஸ் பின்டோ தாள்களைப் பார்த்தாள். அரசாங்க ஆய்வுக்கூடத்தின் குரல் பிரிவில் வருஷக்கணக்காக இருந்துவிட்டு, மேலதிகாரியோடு மோதி வெளியே வந்து, மங்களூர் ஹம்பன்கட்டாவில் ஒரு பேக்கரிக்கு மேலே ஆபீஸ் போட்டிருப்பவள். கீழே பிரெட் வேகும்போதெல்லாம் மேலே துப்பறியும் மூளைக்குப் பசி எடுக்கும் என்பது உதவியாளன் இம்தியாஸின் நிரந்தரப் புகார்.

இரண்டு தாள்களிலும் ஒரே வாசகங்கள். ஒரே இடத்தில் ஓட்டை.

வாரிஜா: அந்த போட்டை இனிமே நான் கடல்ல பாக்கக் கூடாது.
சதாசிவன்: சரிக்கா. என்ன செய்யணும்?
. . . . . . . (இயந்திர இரைச்சல்) . . . . . . .
வாரிஜா: யாருக்கும் தெரிய வேண்டாம்.

"எம் பொண்டாட்டி பேசினா எனக்கும் இப்படித்தான் மேடம் கேக்கும். நடுவுல புள்ளி புள்ளியா."

"அவகிட்ட எனக்கு அனுதாபம்னு சொல்லு" என்ற கிளாடிஸ், எதிர் நாற்காலியில் இருந்தவரிடம் திரும்பினாள்.

யஷ்பால் கர்கேரா. நாற்பது வயது. அழுது வீங்கிய கண்கள். அவருடைய அக்கா வாரிஜா கர்கேராவுக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பிளான்ட்டும் 'ஜலதுர்கா' என்றொரு படகும் இருந்தன. படகு எரிந்துவிட்டது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஒடிசாக்காரச் சமையல்காரர் கோபிநாத் பெஹராவும் அதோடு போய்விட்டார். மறுநாள் போலீசுக்கு, பெயர் இல்லாத தபாலில் ஒரு பென் டிரைவும் ஒரு டைப் அடித்த தாளும் வந்தன. பென் டிரைவில் வாரிஜாவும் அவருடைய மெக்கானிக் சதாசிவனும் பேசிய பேச்சு. தாளில் அதன் எழுத்து வடிவம். அந்தத் தாளில் ஓட்டை எதுவும் இல்லை. இரைச்சல் இருந்த இடத்தில் வாரிஜாவின் வாயில் மூன்று கட்டளைகள் இருந்தன.

டீசலை இறக்கு. ரெண்டு பேரைக் கூட்டிக்கோ. கொளுத்திடு.

இன்சூரன்சுக்காகத் தன் படகைத் தானே கொளுத்தி ஒரு உயிரையும் எடுத்தாள் என்பது போலீசின் கட்சி. வாரிஜாவைக் கைது செய்யக் கூடாது என்ற கோர்ட் உத்தரவு இன்று மூன்று மணி வரைதான். அதற்குப் பிறகு ஜெயில்.

"மேடம், அது வெட்டி ஒட்டினதுதானே? என் அக்கா அப்படிப் பேசவே மாட்டா. அம்மா போனப்புறம் என்னைத் தூக்கி வளத்தவ அவ" என்றார் யஷ்பால்.

"பதிவுல வெட்டு இல்ல, ஒட்டும் இல்ல, யஷ்பால். முழுசா ஒரே மூச்சுல எடுத்தது."

யஷ்பால் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். "சரி... அதையாவது எழுதிக் கொடுங்க மேடம். வக்கீல் கேட்டார்."

"மதியம் கொடுக்கறேன்."

அவர் படியிறங்கிப் போனதும் இம்தியாஸ் வாசலையே பார்த்தான். "பாவம் மேடம். அக்காவுக்குப் பாதகமான சர்டிபிகேட்டைக்கூட விடாம வாங்கிட்டுப் போறான்."

கிளாடிஸ் பேனாவின் மூடியைக் கடித்தாள்.

* * *

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சசிதர ஹெப்பார் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

"நானே என் காதால கேட்டேன் மேடம். மிஷின் சத்தம் இருக்கு, இல்லேங்கல. அதுக்குள்ள அந்த அம்மா குரல் தெளிவா கேக்குது. 'கொளுத்திடு.' எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா?"

"கேக்கறதுக்கு முன்னாடி தாளைப் படிச்சீங்களா?"

"படிக்காம எப்படி? தாள்தான் மேல இருந்தது."

"சரி. இன்னொரு தடவை கேளுங்க. பெரிய எழுத்துல புதுசா அடிச்சுக் கொண்டு வந்திருக்கேன், கண்ணுக்குச் சிரமம் இருக்காது."

ஹெப்பார் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கிளாடிஸ் கொடுத்த தாளில் விரலை வைத்து வரி வரியாக நகர்த்தினார். இரைச்சல் வந்த இடத்தில் கண்ணைச் சுருக்கினார். தலையை ஆட்டினார். "இதோ... இதோ வருது... பாருங்க, எவ்வளவு தெளிவா..."

விரல் நின்றது. உதடுகள் மெதுவாக எழுத்துக் கூட்டின.

"'கோளி பஜெ கொண்டா... சட்னி கெட்டியா இருக்கட்டும்'?"

"கெட்டியாத்தானே சார் கேட்டுச்சு?" என்றான் இம்தியாஸ் பணிவாக. "நான்தான் அடிச்சேன். வரும்போது பசி, பஜ்ஜி ஞாபகம்."

பாரா நின்ற கான்ஸ்டபிள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஹெப்பார் ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் போட்டார்.

"ஸ்டேஷனுக்குள்ள என்னையே..."

"உங்க தப்பு இல்ல சார்" என்றாள் கிளாடிஸ். "படிச்சுட்டுக் கேட்டா, படிச்சதுதான் கேக்கும். எனக்கும் அப்படித்தான். அதனாலதான் நான் முதல்ல தாளைப் பாக்கறதே இல்ல. தெரியாத ரெண்டு பேர்கிட்ட, தனித்தனியா கொடுக்கறேன். ரெண்டு பேருக்கும் அங்க இரைச்சல் மட்டும்தான் கேட்டிருக்கு."

ஹெப்பார் ஹெட்போனின் வயரைச் சுற்றி வைத்தார். பிறகு ஒரு சிரிப்பு சிரித்தார். ஜெயித்த சிரிப்பு.

"சரி. என் காது ஏமாந்தது. சதாசிவன் காதுமா ஏமாந்தது? அவனைத் தனியா உக்கார வெச்சு விசாரிச்சேன். தாளைக் காட்டவே இல்ல. 'அக்கா என்ன சொன்னா?'ன்னு கேட்டேன். 'டீசலை இறக்கச் சொன்னா. ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போகச் சொன்னா'ன்னான். தாள்ல இருக்கற அதே வார்த்தை! கொளுத்தச் சொன்னதை மட்டும் இல்லேங்கறான். இல்லேன்னுதானே சொல்வான்?"



கிளாடிஸ் எழுந்து நின்றாள். இரைச்சலில் கேட்காத இரண்டு வரிகள் உண்மை. அப்படியென்றால் தாளை எழுதியவன் கற்பனை செய்யவில்லை. பதிவில் இல்லாதது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"இன்னொரு போன்" என்றான் இம்தியாஸ். "அந்த அம்மா வாய்க்குப் பக்கத்துல வெச்சிருப்பான். அதுல எல்லாம் கேட்டிருக்கும். நமக்கு மட்டும் கேக்காததை அனுப்பிட்டான்."

"நல்லா கேக்கற பதிவு கையில இருந்தா, கேக்காததை எதுக்கு அனுப்பணும்?"

இம்தியாஸ் யோசித்தான். "தபால்காரர் மேல இரக்கமா?"

"தக்கெக்குப் போவோம்" என்றாள் கிளாடிஸ். துறைமுகத்தை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

ஹெப்பார் தொப்பியை எடுத்தார். "நானும் வரேன். மூணு மணிக்குள்ள எனக்கு ஏதாவது காட்டுங்க. இல்லேன்னா அந்தத் தாள் அப்படியே கோர்ட்டுக்குப் போகும். பஜெயை நான் மறந்துடறேன், நீங்களும் மறந்துடுங்க."

* * *

ஐஸ் பிளான்ட் கடலைப் பார்த்து நின்றது. ஆளுயர ஐஸ் கட்டிகள் சறுக்கிக்கொண்டு வந்து இயந்திரத்தின் வாயில் விழ, பொடியான ஐஸ் குழாய் வழியாகக் கீழே கட்டியிருந்த படகுக்குள் கொட்டியது. மத்திச் செதில்கள் தரையெங்கும் மின்னின. இம்தியாஸ் தன் மகளுக்கு அனுப்புவதற்காக எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே வந்தான்.

இயந்திரம் ஓய்ந்தபோது அதன் பக்கத்தில் வாரிஜா கர்கேரா நின்றார். ஐம்பதைத் தாண்டிய பெண். முழங்கைக்கு மேல் ஏற்றிய ரவிக்கைக் கை, ஈரப் புடவை. ஜெயிலுக்குப் போகிற நாளிலும் கடலுக்குப் போகிற படகுக்கு ஐஸ் நிற்கக் கூடாது என்று வந்திருந்தார்.

"உக்காருங்க. இங்க நாற்காலி எல்லாம் ஈரம், பரவாயில்லையா?" என்றார். "யஷ்பால் சொன்னான், நீங்க ரொம்பக் கெட்டிக்காரின்னு."

"ஜலதுர்காவை ஏன் கடல்ல பாக்கக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"அடிப்பலகை ஊறிப் போச்சு மேடம். அதுல ஆள் ஏத்தினா கொலை. உடைச்சு வித்துடலாம்னு முடிவு பண்ணி, டீசலை இறக்கச் சொன்னேன். தண்டேலுக்குத் தெரிஞ்சா வந்து கால்ல விழுவான், அவன் ஆசையா ஓட்டின போட்டு. அதான் யாருக்கும் தெரிய வேண்டாம்னேன்." காலடியில் கிடந்த ஐஸ் துண்டைக் காலால் ஒதுக்கினார். "கோபி உள்ள தூங்குவான்னு எனக்குத் தெரியாது. அவன் ஆக்கற மீன்குழம்பு..."

இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

கிளாடிஸ் அடுத்த கேள்வியைக் கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. வாரிஜா அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிறகு தூரத்தில் நின்ற ஒரு ஆளைப் பார்த்துக் கையைத் தூக்கினார். கட்டைவிரல் உதட்டில் பட்டது. நான்கு விரல்கள் விரிந்தன. உள்ளங்கையில் எதையோ கிள்ளி, துடைத்துப் போடுவதுபோல ஒரு அசைவு, ஹெப்பாரின் தொப்பையைச் சாடையாகக் காட்டி.

அந்த ஆள் தலையசைத்துப் போனான். இயந்திரம் நின்றபோது தட்டில் நான்கு டீ வந்தது. ஒரு டம்ளரை மட்டும் அவன் தனியாக எடுத்து ஹெப்பாரிடம் நீட்டினான்.

"சர்க்கரை இல்லாதது, சார்."

"எனக்குச் சர்க்கரை வியாதின்னு யாரு சொன்னா?" என்று ஹெப்பார் திகைத்தார்.

"அக்கா சொன்னா" என்றான் அவன்.

கிளாடிஸின் டீ உதட்டுக்குப் போகாமல் பாதியில் நின்றது.

"என்ன சொன்னே? யாரு சொன்னா?"

"அக்காதான். இப்பத்தான் சொன்னாளே. நீங்க இருந்தீங்களே."

கிளாடிஸ் டம்ளரைக் கீழே வைத்தாள். மிக மெதுவாகக் கேட்டாள். "வாரிஜாக்கா. அன்னிக்கு சதாசிவன்கிட்ட, டீசலை இறக்கு, ரெண்டு பேரைக் கூட்டிக்கோன்னு எப்படிச் சொன்னீங்க?"

"எப்படின்னா? மிஷின் ஓடிட்டிருந்தது. இந்தச் சத்தத்துல வாயால யாரு பேசுவா? அப்பா காலத்துலேர்ந்தே இங்க மிஷின் ஓடினா கைப்பேச்சுதான்."

"இதைப் போலீஸ்ல சொல்லலையா?"

"கேக்கலையே. டீசலை இறக்கச் சொன்னியான்னு கேட்டாங்க. சொன்னேன்னேன்."

இம்தியாஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "யா அல்லா! சத்தத்துக்கு அடியில குரலைத் தேடிட்டிருக்கோம். அங்க குரலே இல்ல!"

"இல்ல" என்றாள் கிளாடிஸ். "எவ்வளவு நல்ல போன் வெச்சாலும், எந்த ஆய்வுக்கூடத்துல சுத்தம் பண்ணினாலும், அந்த வார்த்தைங்க அந்தப் பதிவுல இருக்கவே முடியாது. ஹெப்பார் சார், அந்தத் தாளை எழுதினவன் கேக்கல. பாத்தான். பாத்ததைப் பேச்சுன்னு எழுதிட்டான். ஏன்னா அவனுக்கு அது பேச்சுதான். வெளியாளா இருந்தா அந்த இடத்துல இரைச்சல்னு போட்டிருப்பான். இவனுக்கு அங்க ஒரு ஓட்டை இருக்கறதே தெரியல. கூடவே சொல்லாத ஒரு சொல்லையும் சேத்துட்டான்."

ஹெப்பார் டீயைக் குடிக்க மறந்தார். "அப்போ இங்க இருக்கற ஆள்."

"கைப்பேச்சு தெரிஞ்ச ஆள். அன்னிக்கு அக்கா கையைப் பாக்கற இடத்துல இருந்த ஆள். அக்கா, நீங்க எங்க நின்னீங்க?"

"இங்கதான். கடலைப் பாத்து."

"சதாசிவன்?"

"எதிர்ல, அந்தச் சுவர் ஓரமா."

"வேலைக்காரங்க?"

"எல்லாரும் கீழ படகுக்குள்ள, ஐஸ் தள்ளிட்டிருந்தாங்க. யாரும் இல்ல மேடம். யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். நாங்க ரெண்டு பேர்தான்."

கிளாடிஸ் சுவரைப் பார்த்தாள். பார்வை மேலே ஏறியது. சதாசிவன் நின்ற இடத்துக்கு நேர் மேலே, மரப்படி ஏறிப் போகிற மாடியறையில் ஒரு ஜன்னல். கதவுகள் திறந்திருந்தன. அங்கே உட்கார்ந்தால் கீழே பேசுவது கேட்கும். இந்த இடத்தில் நிற்பவரின் கைகளும் தெரியும்.

"அந்த ரூம்ல யாரு உக்காருவாங்க?"

வாரிஜா வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்த ஐஸ் கட்டி சறுக்கி வந்து விழ, இயந்திரம் அலறியது.

பழக்கம். யோசிக்காமல் அவருடைய கைகள் பதில் சொல்லின. இரண்டு முன்னங்கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, மார்புக்கு முன்னால், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடின. குழந்தையைத் தாலாட்டுவதுபோல.

அந்த பிளான்ட்டில் அது ஒருவருடைய பெயர். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஐஸ் எண்ணிய ஒரு பெண்ணைப் பார்த்துத் தொழிலாளர்கள் வைத்த பெயர்.

ஆடிக்கொண்டிருந்த கைகள் நடுவில் நின்றன.

மரப்படியில் யஷ்பால் நின்றிருந்தார். சர்டிபிகேட்டுக்காகவோ, போலீஸ் ஜீப்பைப் பார்த்தோ இறங்கி வந்திருக்க வேண்டும். அக்காவின் கைகள் காற்றில் நின்ற விதத்தைப் பார்த்ததும் அவர் கால் அடுத்த படிக்கு இறங்கவில்லை.

வாரிஜா அவரை நோக்கி ஒரு கையைத் தூக்கினார். ஜன்னலைக் காட்டினார். காதைத் தொட்டார். உள்ளங்கையில் எழுதிக் காட்டினார். பிறகு விரல்களை மேலே தூக்கி நெருப்புபோல நடுங்க விட்டு, அவரைச் சுட்டினார்.

யஷ்பால் ஒரு தரம் ஹெப்பாரைப் பார்த்தார். காக்கிச் சட்டைக்குக் கைப்பேச்சு தெரியாது. துப்பறிய வந்த பெண்ணுக்கும் தெரியாது. இரைச்சல் ஒரு சுவர் மாதிரி நின்றது.

அவருடைய கைகள் பேசின. வேகமாக, கோபமாக. விரல்கள் நெருப்பாயின. கன்னத்தில் கை வைத்துத் தூங்கிக் காட்டி, தலையைத் தலையை ஆட்டினார். பிளான்ட் முழுவதையும் வளைத்துக் காட்டி, தன் மார்பில் அடித்துக்கொண்டார். கடைசியில் முன்னங்கைகளைச் சேர்த்து, தானே தன்னைத் தாலாட்டினார். ஒரு முறை, இரு முறை. பிறகு அந்தக் காணாத குழந்தையை அப்படியே தரையில் ஓங்கி எறிந்தார்.

ஐஸ் தள்ளிக்கொண்டிருந்த ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டிருந்தார்கள். யாரோ கையை நீட்டி இயந்திரத்தை அணைத்தார்கள்.

கடற்காகம் ஒன்று கத்தியது. அவ்வளவு அமைதி.

"என்ன ஆச்சு?" என்றார் ஹெப்பார் சுற்றுமுற்றும் பார்த்து. "ஏன் எல்லாரும் இப்படி நிக்கறீங்க? யாரும் ஒண்ணும் பேசலையே!"

"பேசி முடிச்சுட்டாங்க சார்" என்றாள் கிளாடிஸ். "இம்தியாஸ்?"

இம்தியாஸ் கையில் போன் இன்னும் நிமிர்ந்தே இருந்தது. முதல் தடவையாக அவனுக்கு ஜோக் எதுவும் வரவில்லை. "எல்லாம் இருக்கு மேடம். சத்தம்தான் ஒண்ணும் கேக்காது."

யஷ்பால் திரும்பி ஓடப் பார்த்தார். படிக்குக் கீழே நான்கு தொழிலாளர்கள் மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள். அவர் ஓடவில்லை.

* * *

கிளாடிஸ் தன் வழக்கத்தை மாற்றவில்லை. இரண்டு பேர். தனித்தனியாக. மீன் ஏற்றப் போயிருந்த, நடந்தது எதுவும் தெரியாத இரண்டு தொழிலாளர்களைக் கூப்பிட்டாள். ஒருவரை ஜீப்பில் உட்கார வைத்தாள், இன்னொருவரை டீக்கடையில். வீடியோவைக் காட்டி, கை என்ன சொல்கிறதோ அதை எழுதச் சொன்னாள். தெரியாத இடத்தில் புள்ளி.

இரண்டு தாள்களும் ஒன்றுபோல வந்தன.

நான்தான் கொளுத்தினேன். அவன் தூங்கறது தெரியாது. சத்தியமா தெரியாது. இதெல்லாம் உனக்கு, எனக்கு என்ன?

அதற்கப்புறம் இரண்டு தாளிலும் புள்ளிகள்.

"எழுதினவங்களுக்கு அது தெரியாதா?" என்று கேட்டார் ஹெப்பார்.

"நல்லாவே தெரியும். 'அது அக்கா வீட்டு விஷயம்'னு பேனாவை வெச்சுட்டாங்க."

கோர்ட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம். கிளாடிஸ் தாள்களோடு வாரிஜாவிடம் போனாள். அவர் ஐஸ் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இதை வெச்சு உங்க வக்கீல் இன்னிக்கே உங்களை வெளியில வெச்சுடுவார். இந்தக் கடைசி இடம் மட்டும் காலியா இருக்கு. அவன் ஏன் செஞ்சான்னு அதுலதான் இருக்கு. நீங்க சொன்னா நான் எழுதிக்கறேன்."

வாரிஜா புள்ளிகளை நெடுநேரம் பார்த்தார். ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல.

"கேக்கலைன்னு போடுங்க."

"அக்கா..."

"உங்க சட்டம் அதானே மேடம்? கேக்கலைன்னா புள்ளி. எனக்குக் கேக்கல."

கிளாடிஸ் பேனாவை மூடினாள்.

ஜீப் யஷ்பாலோடு கிளம்பியது. அவர் பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாரா என்பது வாரிஜாவுக்குத் தெரியாது; ஜீப்பின் பக்கமே அவர் திரும்பவில்லை. இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. அப்போதுதான் ஒரு படகு கரையைத் தொட்டது. ஒரு வாரமாகக் கடலில் இருந்தவர்கள். மேல் தளத்தில் நின்ற கிழவர் ஒருவர் வாரிஜாவைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையாட்டினார். பிறகு முன்னங்கைகளைச் சேர்த்து ஒரு குழந்தையைத் தாலாட்டி, உள்ளங்கையை விரித்தார்.

எங்கே?

வாரிஜாவின் கைகள் பதில் சொல்ல எழுந்தன. மார்பு வரை வந்தன. சேரவில்லை.

பக்கத்துத் தொட்டியில் பொடித்த ஐஸ் நிறைந்திருந்தது. இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை அதற்குள் விட்டு, அப்படியே வைத்துக்கொண்டார்.